கண்மாய்த் தண்ணீரில் யாருக்கு உரிமை? ஆயக்கட்டும் பாசனச் சங்கமும்

இராமநாதபுரம் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை கண்மாயை, அதாவது ஊரின் பாசன ஏரியை, நிரப்பினால்தான் அந்த ஆண்டின் ஒரு போக நெல் வீடு வந்து சேரும். மழை பொய்த்து, கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் நீர்மட்டம் மடைக்குக் கீழே இறங்கிவிட்டால், கிடக்கும் தண்ணீர் யாருக்கு என்ற தகராறு ஊருக்கு ஊர் எழுகிறது. கரையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர் தமக்கே முதல் உரிமை என்று எண்ணுவது இயல்புதான் என்றாலும், சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

கண்மாய்த் தண்ணீரைப் பெறும் உரிமை ஆயக்கட்டில், அதாவது அந்தக் கண்மாயின் பாசனப் பரப்பில், பதிவான நிலத்தைச் சார்ந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் உங்கள் புல எண்ணுக்கு நேரே நஞ்சை என்றும், பாசன ஆதாரமாக அந்தக் கண்மாயின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். நிலம் கைமாறினால் பாசன உரிமையும் நிலத்தோடு புதிய உரிமையாளருக்குச் செல்லும். ஆயக்கட்டுக்கு வெளியே உள்ள புஞ்சை, கரையிலிருந்து பத்தடியில் இருந்தாலும், கண்மாயில் மோட்டார் வைத்து இறைத்துக்கொள்ள அந்த அருகாமை மட்டும் உரிமை தராது.

'இருபது ஆண்டுகளாகப் பாய்ச்சி வருகிறேன்' என்ற வாதம் அடிக்கடி கேட்கப்படுவது. பிறர் நிலத்தின் மீது ஒருவருக்குள்ள பயன்பாட்டு உரிமை பற்றிய 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், தடையின்றியும் வெளிப்படையாகவும் 20 ஆண்டுகள் அனுபவித்த வசதியை உரிமையாக ஏற்கிறது. எதிர்த்தரப்பு அரசு நிலமாக இருந்தால் 30 ஆண்டுகள் வேண்டும். பக்கத்து வயல் வழியாக வாய்க்கால் கொண்டுபோகும் வழக்கைப் பொறுத்தவரை இது வலுவான வாதமே. ஆனால் அரசுச் செலவில் அமைந்த பாசனப் பணிகளின் நீரைத் தேக்கவும் பகிரவும் அரசுக்குள்ள அதிகாரத்தை அச்சட்டத்தின் 2ஆம் பிரிவு தொடாமல் விட்டிருப்பதால், பஞ்ச காலத்தில் முறைவைத்துத் தண்ணீர் விடுவதைப் பழைய அனுபவத்தைக் காட்டித் தடுத்துவிட முடியாது. கிணறு வேறு கணக்கு: வரையறுத்த கால்வழியில் ஓடாத நிலத்தடி நீரைத் தம் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமையை அதே சட்டம் நில உரிமையாளருக்குத் தருகிறது. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 2003இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட சட்டம் 2013இல் நீக்கப்பட்டது.

கண்மாயை நிர்வகிப்பது யார் என்பது அதன் அளவைப் பொறுத்தது. 40 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 100 ஏக்கர் ஆயக்கட்டும் அதற்கு மேலும் உள்ளவை நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் உள்ளன. மனுவை எங்கே கொடுப்பது என்பதும் இதைப் பொறுத்ததே. தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு மாதக்கணக்கில் சுற்றும்.

பாசன மேலாண்மையில் விவசாயிகளுக்கும் பங்கு கொடுக்க இயற்றப்பட்டதே 2000ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு முறை மேலாண்மைச் சட்டம். ஆயக்கட்டு நில உரிமையாளர்கள் உறுப்பினர்களாக உள்ள நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் அடித்தளமாகவும், பகிர்மானக் குழுவும் திட்டக் குழுவும் மேலடுக்குகளாகவும் அமைகின்றன. சங்கத்தின் தலைவரும், ஆட்சி மண்டலத் தொகுதி எனப்படும் பகுதிவாரித் தொகுதிகளின் உறுப்பினர்களும் தேர்தல் மூலம் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே பட்டாவை விட்டுவைத்திருக்கும் குடும்பங்கள் வாக்காளர் பட்டியல் வெளியாகும்போதுதான் விழித்துக்கொள்கின்றன. பட்டா மாறுதலை முன்னதாகவே முடித்துவிடுவது நல்லது.

முறைப்பாசனத்தை நடைமுறையில் காப்பவர், பல ஊர்களில், அறுவடையில் நெல்லாகக் கூலி பெறும் நீர்பாய்ச்சிதான். எந்த மடையை எத்தனை நாழிகை திறப்பது என்ற அவரது கணக்கைச் சங்கம் தீர்மானமாக எழுதிக் கையொப்பம் பெற்றுவிட்டால், தலைமடைக்காரர் பிறகு மறுப்பது கடினம். கடைமடைக்காரர்கள் வாய்ச்சொல்லை நம்பாமல் இதை வற்புறுத்திக் கேட்க வேண்டும்.

கண்மாய்க்குத் தண்ணீரே வராவிட்டால் பங்கீடு எதற்கு? வைகையின் பூர்வீகப் பாசன (பழைய ஆயக்கட்டுக்கான) நீர் இராமநாதபுரம், சிவகங்கை, மதுரை மாவட்டங்களுக்கு 7:3:2 என்ற விகிதத்தில் பிரிக்கப்படுகிறது; ஆயினும் கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்தோ ஆக்கிரமிக்கப்பட்டோ கிடந்தால் அந்த ஏழு பங்கு காகிதத்தில் மட்டுமே இருக்கும். நீர்வளத்துறைக் கண்மாய்களின் எல்லையை அளந்து, அறிவிப்பு கொடுத்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்கிறது. புல எண், புலப்பட நகல், 'அ' பதிவேட்டு நகல், சங்கத் தீர்மானம் ஆகியவற்றை இணைத்து, மாவட்ட ஆட்சியர் மாதந்தோறும் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவை அளித்து, ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.