பாய் வேறு, பாய்மரம் வேறு

"கப்பல் பாய்மரங்களை விரித்தது." பழைய போர்க்கப்பல்களைப் பற்றிய ஆவணப்படம் எது தமிழில் வந்தாலும் இந்த வாக்கியமும் கூடவே வந்துவிடுகிறது. சென்னையில் அச்சாகும் பயணக் கட்டுரைகளிலும் இதே கதைதான். மரத்தை எப்படி விரிப்பது?

காற்றை வாங்குவது பாய். படுக்கிற பாயும் அதே சொல்தான். அதைத் தாங்கும் மரம் பாய்மரம், சங்கத் தமிழில் கூம்பு. 'கூம்பொடு மீப்பாய் களையாது' என்று புறநானூற்றின் 30ஆம் பாட்டே இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டது.

ஆகுபெயராக வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். சரி, பாய்க்குப் 'பாய்மரம்' என்ற பெயரைக் கொடுத்துவிட்டால் மரத்தை என்னவென்று சொல்வது? கம்பம், தூண் என்று ஆளுக்கொன்று எழுதுகிறார்கள். ஒருவர் கோயில் கொடிமரத்தையே கப்பலில் நட்டுவிட்டார். 'வெறும் பாய் என்றால் படுக்கை நினைவுக்கு வருமே' என்பது அடுத்த சமாதானம். கடலையும் காற்றையும் பற்றிப் படிக்கிறவருக்குக் கோரைப்பாய் ஏன் நினைவுக்கு வரப்போகிறது? 'பாய்மரக் கப்பல்', 'பாய்மரப் படகுப் போட்டி' எல்லாம் சரியான சொற்கள். பாய்மரம் உள்ள கப்பல், படகு என்று பொருள். அதிலிருந்து முன்பாதியைப் பிய்த்துத் தனியே ஓடவிட்டதால் வந்த வினை இது.

அருங்காட்சியகக் கப்பல்களைப் பற்றி எழுதும்போது இந்தக் குழப்பம் ஆளையே விழுங்கிவிடும். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் நிற்கும் பழைய போர்க்கப்பல் விக்டரியின் பாய்மர அடிப்பகுதிகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரும்புக்கு மாறின. 1805 டிரஃபால்கர் சண்டையில் குண்டு துளைத்த அதன் பாய் ஒன்றைக் கப்பலில் கட்டாமல் தனியாகப் பாதுகாக்கிறார்கள். அந்த ஓட்டைகளைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போகிறோம். ஸ்டாக்ஹோமில் இருக்கும் சுவீடன் போர்க்கப்பல் வாசா 1628-ல் முதல் பயணத்திலேயே மூழ்கியது. பத்துப் பாய்களில் நான்கைத்தான் விரித்திருந்தார்கள், மீதி ஆறும் கப்பலுக்குள்ளேயே கிடைத்தன. நம் மொழிபெயர்ப்பாளர் கையில் மூன்று பாய்மரம் உள்ள இந்த வாசா பத்துப் பாய்மரக் கப்பலாகிவிடும்.

அகராதியைப் புரட்ட நேரமில்லை என்றால் காசிமேட்டில் வயதான மீனவர் ஒருவரைக் கேட்கலாம். கேட்பதில்லை, ஒருவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே எடுத்துப் போடுகிறார்.

பாஸ்டனில் நிற்கும் பழைய அமெரிக்கப் போர்க்கப்பல் கான்ஸ்டிடியூஷன், 116 ஆண்டுகளுக்குப் பிறகு 1997-ல் ஆறு பாய்களை விரித்துத் தன் பலத்திலேயே ஓடியது. 'பாய்மரம் விரித்து' என்று எழுதினால் அன்றைய சேதியே காணாமல் போய்விடும். மரங்கள் அதற்கு முந்தைய நாளும் நின்றுகொண்டுதான் இருந்தன.