கடைசிப் பாடல் மட்டும் பிசிறடிப்பது ஏன்?

இசைத்தட்டின் முதல் பாடல் தெளிவாக ஒலிக்கும். முள் நடு லேபிளை நெருங்க நெருங்க, பாடகர் குரலில் வரும் ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் பிசிறடிக்கத் தொடங்கும். தட்டு தேய்ந்துவிட்டது என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரங்களில் குறை தட்டில் இருப்பதில்லை. தட்டின் மேல் நகரும் கையான டோன்ஆர்மின் முனையில், முள்ளைத் தாங்கும் சிறு பெட்டியான கார்ட்ரிட்ஜைப் பொருத்திய விதத்தில் இருக்கிறது.

மூலத்தட்டைச் செதுக்கும் முனை, விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி நேர்க்கோட்டில் நகர்கிறது. நம் டோன்ஆர்மோ கீலில் கதவு திரும்புவதுபோல் ஓர் அச்சில் திரும்புவதால், முள் செல்லும் பாதை வில்லாக வளைகிறது. செதுக்கிய முனை நின்ற கோணத்திலேயே முள்ளும் தட்டு முழுவதும் நிற்பது அதனால் இயலாது. 230 மி.மீ. நீளமுள்ள நேரான கையை, முள் சரியாகத் தட்டின் மையத்தைத் தொடும்படி அமைத்தால், வெளித்தடங்களில் இந்தக் கோணப் பிழை 18 டிகிரியைத் தாண்டிவிடும்.

இதைக் குறைக்க இரண்டு வழிகளைச் சேர்த்தே கையாளுகிறார்கள். கார்ட்ரிட்ஜ் அமரும் ஹெட்ஷெல்லை உள்நோக்கி ஏறத்தாழ 24 டிகிரி திருப்பி வைக்கிறார்கள். முள் மையக் கம்பியைத் தாண்டி ஏறத்தாழ 18 மி.மீ. அப்பால் சென்று நிற்கும்படி கையை அமைக்கிறார்கள். இந்த மிகுதி நீளத்துக்கு ஓவர்ஹேங் என்று பெயர். இப்படிச் செய்ததும் மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. ஆகிய இரண்டு தொலைவுகளில் பிழை முற்றிலும் மறைகிறது. மற்ற இடங்களில் சிறிது மிஞ்சும். அதை ஒழிக்க முடியாது, எங்கே எவ்வளவு மிஞ்சலாம் என்று தீர்மானிக்க மட்டுமே முடியும்.

அந்தத் தீர்மானத்தில்தான் இந்தக் கணக்கின் அழகு இருக்கிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் தட்டின் வெளிவிளிம்பில், தடம் முள்ளுக்கடியில் நொடிக்கு ஏறத்தாழ 51 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது, உள்விளிம்பிலோ 21 செ.மீ.தான். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே 51 மைக்ரான் நீளத்துக்கு விரிந்திருக்க, உள்ளே 21 மைக்ரானுக்குள் நெருக்கப்பட்டிருக்கிறது. நெருங்கிய அலையில் முள் சிறிது கோணினாலும் ஒலி சிதையும். இந்தச் சிதைவு கோணப் பிழையை மட்டும் பொறுத்ததன்று, அதை ஆரத்தால் (மையத்திலிருந்து உள்ள தொலைவால்) வகுத்து வரும் அளவைப் பொறுத்தது என்று 1938இல் லோஃப்கிரென் என்ற ஆய்வாளர் நிறுவினார். 1941இல் பேயர்வால்ட் என்ற ஆய்வாளரும் அதே முடிவை அடைந்தார். அவர்கள் முறைப்படி அமைத்த கையில் பிழை வெளிவிளிம்பில் 1.9 டிகிரி, நடுவே 1.1, உள்விளிம்பில் 0.8 என்று நிற்கிறது. ஆரத்தால் வகுத்துப் பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றே.

ஓவர்ஹேங் 1 மி.மீ. கூடிப்போனால் வெளிவிளிம்பில் பிழை ஏறத்தாழ 0.3 டிகிரிதான் கூடும். உள்விளிம்பில் அது இரு மடங்குக்கு மேலாகிவிடும். கடைசிப் பாடல்தான் முதலில் அடிவாங்குகிறது.

கார்ட்ரிட்ஜைச் சரியாகப் பொருத்துவதற்கு, பிழை மறையும் அந்த இரண்டு புள்ளிகளும் இணைக்கோடுகளும் அச்சிட்ட கோணமானி அட்டை வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடித் தகடாக இருந்தால் மிக நல்லது. முள்ளின் அழுத்தத்தை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும், ஏனெனில் அழுத்தம் மாறினால் முள் நிற்கும் இடமும் மாறும். திருகுகளைச் சற்றுத் தளர்த்தி, முள்ளை ஒரு புள்ளியின் மேல் இறக்கி, கோடுகளுக்கு இணையாக்கிய பின் மற்றப் புள்ளிக்குப் போக வேண்டும். அங்கே கோணினால் கார்ட்ரிட்ஜை முன்னோ பின்னோ மயிரிழையளவு தள்ளி, மீண்டும் முதல் புள்ளிக்கே திரும்ப வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் ஒரே புள்ளியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது வீண் வேலை.

இணையாக்க வேண்டியது பெட்டியை அன்று, முள்ளைத் தாங்கும் கான்டிலீவர் என்னும் மெல்லிய குச்சியை. நானும் ஒருமுறை பெட்டியின் ஓரங்களைக் கோடுகளோடு துல்லியமாகப் பொருத்திவிட்டு, கடைசிப் பாடல் திருந்தாததைக் கண்டு வருந்தினேன். உருப்பெருக்கியில் பார்த்தபோது குச்சி பெட்டிக்குள் சற்றுச் சாய்வாகவே அமைந்திருந்தது. குச்சியும் கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பமும் ஒரே கோடாகும்வரை திருப்பினேன். பெட்டி ஹெட்ஷெல்லில் கோணலாகத் தெரிந்தது. ‘ஸ’ தெளிவாகக் கேட்டது. அதன் பிறகு திருகுகளை ஒன்று மாற்றி ஒன்றாக, கால் சுற்று கால் சுற்றாகவே இறுக்குகிறேன். ஒன்றை மட்டும் முழுதாக இறுக்கினால், அது பெட்டியையும் தன்னோடு திருப்பிவிடுகிறது.