தெருவுக்குப் பெயர் வைக்கும் முன் அ-பதிவேட்டைப் புரட்டுங்கள்

போன மாதம் தென்சென்னைப் புறநகரில் ஒரு மனையை அளக்கக் கூப்பிட்டிருந்தார்கள். பக்கத்து மனைக்காரரோடு எல்லைத் தகராறு. தாய்ப் பத்திரத்தை, அதாவது மனையின் பழைய மூலப் பத்திரத்தைக் கேட்டு வாங்கினால் நான்கெல்லையில் 'கலங்கல் வாய்க்காலுக்கு மேற்கு' என்று எழுதியிருக்கிறது. கலங்கல் என்றால் ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் இடம். கிராம வரைபடத்திலும் அந்த வாய்க்கால் இரட்டைக் கோடாக ஓடுகிறது. நாங்கள் நின்றிருந்த தெருவின் பெயரோ ஏதோ ஒரு 'அவென்யூ'. வீட்டுக்காரருக்கு அங்கே வாய்க்கால் இருந்த விஷயமே தெரியாது. மழைக்காலத்தில் தன் வாசலில் மட்டும் ஏன் முழங்கால் தண்ணீர் நிற்கிறது என்று மனு மேல் மனு போட்டுக்கொண்டிருக்கிறார்.

நில அளவைத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன கதை. எனக்குப் பழகி, இப்போது எரிச்சலாகவும் ஆகிவிட்டது. அந்தத் தெருவுக்குக் 'கலங்கல் வாய்க்கால் தெரு' என்று பெயர் இருந்திருந்தால், மனை வாங்குவதற்கு முன்பே அவர் நாலு பேரிடம் விசாரித்திருப்பார்.

மனைப்பிரிவு போடுபவர்களிடம் இதைச் சொன்னால் ஒரே பதில்தான்: "ஏரி, தாங்கல், ஓடைன்னு பேர் வச்சா மனை விலை போகாது சார்." யார் சொன்னது? நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்றே ஒரு பகுதி இருக்கிறது. ஏரி இருந்த இடம் என்று பெயரே சொல்கிறது. அங்கே ஒரு கிரவுண்டு என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, அதாவது ஏரிக்கரைச் சாலை. 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பதும் அந்த ஏரியின் மேல்தான். தியாகராய நகரையே 1920களில் நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் எழுப்பினார்கள். மேற்கு மாம்பலத்தில் ஏரியைக் காணோம், லேக் வியூ ரோடு மட்டும் இருக்கிறது. அந்தப் பெயரால் யாருடைய மனையும் விலைபோகாமல் கிடக்கவில்லை. மந்தைவெளி என்றால் மாடு மேய்ந்த வெளி. அங்கே வீடு கிடைத்தால் வேண்டாம் என்பீர்களா? தண்ணீர் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு வருவதில்லை. பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே வரும். 'ஹில் வியூ' என்று எழுதி வைத்தாலும் வரும்.

(இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பெயரில் ஏரி என்று வந்துவிட்டால் அங்குள்ள மனை எல்லாம் ஏரிப் புறம்போக்கு என்று பயப்பட வேண்டாம். பெயர் விசாரிக்கத் தூண்டும், அவ்வளவுதான். முடிவு சொல்ல வேண்டியது புல எண்ணும் (சர்வே நம்பர்) புலப்படமும் (அந்த நிலத்தின் அளவு வரைபடம்).)

இன்னொரு பக்கம் நம் கவுன்சிலர்கள். எங்கே பார்த்தாலும் ஒரு காந்தி நகர், ஒரு பாரதி தெரு. ஒரே பின்கோடுக்குள் இரண்டு நேரு தெரு இருந்தால் ஆம்புலன்ஸ் எதற்குள் நுழையும்? தலைவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பெயர் வைப்பவர்களின் சோம்பல்மேல்தான். ஊர்ப் பெயர்களை நாம் பேசாமல் இல்லை. 2020-ல் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்ற அரசாணை வந்து, சில நாட்களிலேயே திரும்பப் போனபோது எத்தனை வாக்குவாதம்! தெருவுக்கு என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு அதில் கால்வாசி அக்கறை கூடக் கிடைப்பதில்லை.

பழைய பெயர் எல்லாம் புனிதமும் இல்லை. சாதியைச் சொல்லி ஒருவரைத் தாழ்த்தும் பெயர் போகட்டும், சந்தோஷம். தெருக்களின் சாதிப் பெயரை நீக்க 2025 அக்டோபரில் அரசாணை வந்தது. அப்படி நீக்கிய இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ரோஜா, மல்லி என்று போவதற்கு முன், அந்த நிலத்தை உழுதவர்கள் அதை என்னவென்று சொன்னார்கள் என்று ஒருமுறை பாருங்கள். மதகு, களம், வண்டிப்பாதை, ஆலமரத் திடல் என்று எந்தச் சாதியையும் சொல்லாத பெயர்கள் நிறையக் கிடைக்கும். மக்கள் வாயில் நிற்பதும் இவைதான். மதுரையில் பேருந்து நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயர் வைத்தார்கள், நடத்துநர் இன்னும் மாட்டுத்தாவணி என்றுதான் கூவுகிறார்.

எங்கே தேடுவது? கிராமத்தின் ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடுதான் அ-பதிவேடு. அதை அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். புறம்போக்கு என்றால் ஏரியா, வாய்க்காலா, பாதையா என்று குறித்திருக்கும். கிராம வரைபடம் நில அளவைத் துறையில் விலைக்குக் கிடைக்கும். தாய்ப் பத்திரங்களின் நான்கெல்லையை விடாதீர்கள். பதிவேட்டில் இல்லாத பெயரெல்லாம் அதில் இருக்கும். அப்புறம், ஊரில் எழுபது வயதைத் தாண்டிய இரண்டு பேரோடு ஒரு மாலை நடந்து வாருங்கள். அவர்கள் சொல்வதை வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் தாத்தாக்களும் இடம் மாற்றிச் சொல்வார்கள்.

மனைப்பிரிவு போடுகிறவர்களே, சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக்கொடுக்கும் முன்பே இந்த வேலையை முடியுங்கள். குடியேறி ஆதார், கேஸ், வங்கி என எல்லாவற்றிலும் முகவரி ஏறிய பிறகு பெயரை மாற்றினால் சாபம்தான் மிஞ்சும். குடியிருப்போர் சங்கத்தாரை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: வார்டில் புதுப் பெயருக்குத் தீர்மானம் வருகிறது என்று தெரிந்தால், கிராம வரைபடத்தின் நகலோடு கவுன்சிலரை முன்கூட்டியே போய்ப் பாருங்கள். தீர்மானம் நிறைவேறிய பிறகு என்னைக் கூப்பிட்டுப் பயனில்லை.