முத்திப்போன வெண்டிக்காயும் மாரித் தோட்டமும்

தை மாதத்தில் ஒரு நாள் கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டுக்குத் தோட்டம் பார்க்கப் போயிருந்தேன். வளவுக்குள் நுழைந்ததுமே மனம் நிறைந்துவிட்டது. கிணற்றடியில் கங்குன் கீரை, வேலியோரம் பயிற்றைப் பந்தல், நடுவில் இரண்டு பாத்தி வெண்டி. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு வெண்டிச் செடியிலும் சாண் நீளத்தில் மூன்று நான்கு காய்கள், தொட்டால் விறகு. மேலே பூவும் இல்லை, பிஞ்சும் இல்லை. "என்னக்கா இது?" என்றேன். அக்கா சிரித்துக்கொண்டே, "விதைக்கு விட்டிருக்கிறன் மிஸ்" என்றார். குசினி வாசலில் மகன் சந்தையில் வாங்கிவந்த அரைக்கிலோ வெண்டிக்காய் பையோடு கிடந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். ஆனால் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

விவசாயப் போதனாசிரியையாக இந்த வன்னி மண்ணில் நான் ஏறி இறங்காத வளவு குறைவு. என்ன விதை, என்ன பசளை, புழுவுக்கு என்ன அடிக்கலாம் என்று எல்லாரும் கேட்பார்கள். எப்போது பறிக்க வேண்டும் என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். நட்டவருக்குப் பறிக்கத் தெரியாதா என்ற நினைப்புத்தான். உண்மையில் நான் பார்த்த வீட்டுத்தோட்டங்களில் பாதி, காய்க்காமல் கெடவில்லை. காய்த்ததைப் பறிக்காமல் கெட்டவை.

செடியின் பக்கத்திலிருந்து யோசியுங்கள். வெண்டிச் செடிக்கு எங்கள் குழம்பைப் பற்றிக் கவலை இல்லை. அதற்கு வேண்டியது விதை. நாலு காய் முத்தத் தொடங்கியதும் தன்னிடம் உள்ள சத்தையெல்லாம் அந்த விதைகளுக்குள் அனுப்பும், புதுப்பூ வைப்பதைக் குறைத்துவிடும். பிஞ்சிலேயே பறித்தால் அது விடாமல் திரும்பத் திரும்பப் பூக்கும். இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் காய்கறித் தோட்டமே ஓடுகிறது.

வெண்டி விதைத்து நாற்பது, நாற்பத்தைந்து நாளில் பூக்கத் தொடங்கும். பூ விழுந்து ஐந்தாறு நாளில் காய் கறிக்குத் தயார். நுனியை விரலால் மடித்தால் 'டக்' என்று முறிய வேண்டும், வளைந்தால் பிந்திவிட்டீர்கள். ஒன்றைவிட்ட ஒரு நாள் பறிப்பு, அதில் கள்ளம் கூடாது. கலியாணம், செத்தவீடு என்று நான்கு நாள் வெளியே போய் வந்தால் முதல் வேலையாக முத்தின காயை எல்லாம் வெட்டி மாட்டுக்கோ எருக்குழிக்கோ போடுங்கள். சாப்பிட முடியாத காய்தானே, கிடக்கட்டும் என்று விடுவதுதான் பிழை.

பயிற்றங்காயும் அப்படித்தான், ஆனால் அங்கே இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒரே காம்பில் முதல் சோடி காய்த்த பிறகு அதே நுனியில் அடுத்த சோடி பூ வரும். பிடித்து இழுத்தால் காம்போடு வந்து, வரவிருந்த காயும் போய்விடும். ஒரு கையால் காம்பைப் பிடித்து மறு கையால் காயைத் திருகி எடுங்கள். உள்ளே விதை புடைத்து வெளியே தெரிவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். பனி காய்ந்த பிறகு கொடிக்குள் போவது நல்லது. ஈர இலைகளுக்குள் கையை விட்டுத் துழாவினால் ஒரு கொடியின் நோயை அடுத்த கொடிக்குக் கொண்டுபோவது நாங்கள்தான்.

கத்தரிக்கு நாள் கணக்கைவிடத் தோலைப் பாருங்கள். மினுக்கம் இருக்கும்போது பறிக்க வேண்டும். மங்கிவிட்டால் உள்ளே விதை கறுக்கத் தொடங்கியிருக்கும், கறி கசக்கும். பெருவிரலால் அமத்தினால் பள்ளம் விழுந்து மெல்ல மீண்டு வரவேண்டும். இழுக்காமல், சின்னக் கத்தியால் காம்போடு வெட்டுங்கள். தக்காளியில் நான் கொஞ்சம் அவசரக்காரி. அடியில் இலேசாக நிறம் மாறியதும் பறித்து வீட்டுக்குள் வைத்துப் பழுக்க விடச் சொல்வேன். செடியிலேயே பழுக்கட்டும் என்று விட்டால் மார்கழி மழைக்கு வெடிக்கும், வெடிக்காததை மயில் கொத்தும். பாகல் மஞ்சள் படுவதற்கு முன். கீரை மூன்று நான்கு கிழமையில். கங்குனை வேரோடு பிடுங்காமல் அடியில் இரண்டு கணு விட்டு வெட்டினால் திரும்பத் தளிர்க்கும்.

பூசணி மட்டும் நேரெதிர். அதைப் பிஞ்சில் ஆய்ந்தால் நட்டம். காம்பு காய்ந்து தக்கை போலாகி, நகத்தால் கீறினால் தோலில் இறங்காமல் இருக்கும் வரைக்கும் விட வேண்டும். வெட்டும்போது காம்பை மூன்று விரல் அளவுக்கு விட்டு வெட்டுங்கள்; காம்பு முறிந்த பூசணி அந்த இடத்திலிருந்துதான் அழுகும். மழைக்காலம் என்பதால் காய்க்குக் கீழே வைக்கோலோ பொச்சுமட்டையோ வைக்காமல் ஈரமண்ணில் கிடக்கவிட வேண்டாம். நன்றாக முத்தியது காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் இருக்கும்.

சரி, பறிப்பதற்குச் செடி நிற்க வேண்டுமே.

கனடாவில் இருக்கும் மச்சாள் ஒவ்வொரு ஒக்டோபரும் இலையுதிர்காலப் பூசணியோடு நின்று படம் அனுப்புவார். உறைபனிக்கு முன் தோட்டத்தை ஒதுக்குகிறாராம். அதே கிழமையில் நாங்கள் இங்கே பாத்தி கொத்துகிறோம். வன்னிக்கு வருடத்து மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் தொடங்கி ஜனவரிக்குள் வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்த்துவிடும். வயலில் காலபோகம் என்ற மாரிக்கால நெற்செய்கையும் இதுதான். ஆனால் வயலுக்கு நல்ல மழை கத்தரிக்கு நல்ல மழை இல்லை. நெல் தண்ணீரில் நிற்கும், கத்தரி நிற்காது. கோடையில் தண்ணீர் இல்லாமல் சாகும் செடியைவிட மாரியில் வெள்ளத்தில் சாகும் செடிதான் எனக்கு அதிகம் காட்டப்படுகிறது.

மழை வந்ததும் மண்வெட்டியை எடுப்பவர்கள் அப்போதே பிந்திவிட்டவர்கள். மிளகாய், கத்தரி, தக்காளிக்கு ஆவணிக் கடைசியில், புரட்டாதியில் நாற்றுமேடை போட்டு, மேலே கிடுகோ பனையோலையோ சாய்த்து மறைத்து, ஐப்பசியின் முதல் மழைகளோடு நட்டால்தான் கார்த்திகை, மார்கழி அடைமழை வருமுன் வேர் பிடித்திருக்கும். மேடைக்கு மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்துவிட்டு விதை போடுவது வீண்வேலை இல்லை. நாற்றழுகலைக் குறைக்க அதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. பாத்தி ஒரு அடியாவது உயர வேண்டும். செம்மண் மேட்டில் கொஞ்சம் குறைந்தாலும் சமாளிக்கலாம், குளத்தோரத்துக் களிமண்ணில் சமாளிக்க முடியாது. பாத்திகளுக்கு இடையே வெட்டும் வாய்க்கால் வளவுக்கு வெளியே போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். பலரின் வாய்க்கால் அழகாகப் போய் மதிலடியில் முடிந்துவிடுகிறது.

2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல். அப்படி ஒரு வெள்ளத்துக்கு எந்தப் பாத்தியும் தாங்காது. நான் சொல்வது வருடாவருடம் இரண்டு மூன்று நாள் தேங்கும் சாதாரண வெள்ளத்தை. அதில் வேர் மூச்சுமுட்டி இலை மஞ்சளாகும். உடனே 'சத்துக் காணாது' என்று யூரியா போடுகிறார்கள். மூச்சுத் திணறுகிறவருக்குச் சோறு ஊட்டுகிற வேலை அது. தண்ணீரை வடியவிட்டு, மண் உலர்ந்ததும் மேலாகக் கொத்திவிட்டு, ஒரு கிழமை பொறுங்கள். புதுத்தளிர் பச்சையாக வந்தால் தப்பிவிட்டது.

பச்சையாக நின்ற கத்தரியோ தக்காளியோ திடீரென்று துவண்டால் அது வேறு கதை. தண்டை அடியில் வெட்டி, தெளிந்த தண்ணீருள்ள கண்ணாடிக் கிளாசில் வெட்டுவாய் முட்டும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் போல வெள்ளை நூல் இறங்கினால் பற்றீரியா வாடல். மருந்து தேடாதீர்கள். செடியைப் பிடுங்கி அகற்றிவிட்டு, அந்த இடத்தில் அடுத்த போகங்களுக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய் எதையும் வைக்காமல் பயிற்றை, வெண்டி, கீரை என்று மாற்றுங்கள்.

ஐப்பசியில் 'கொடிதான் ஓடுது, காய் இல்லை' என்று சிறகவரையைப் பிடுங்கி எறிபவர்களும் இருக்கிறார்கள். பகல் குறுகினால்தான் அது பூக்கும். மார்கழி வரை பொறுங்கள், பாவம்.

இனி மருந்துக் கதை. என் வீட்டிலேயே நடந்தது. வயலுக்கு அடித்து மிஞ்சிய மருந்தை வீணாக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் வரும் வழியில் பயிற்றைப் பந்தலுக்கும் ஒரு விசிறு விசிறிவிட்டார். எனக்குத் தெரியவந்தது அடுத்த நாள் காலை, காய் கையில் இருக்கும்போது. போதனாசிரியை வீட்டில் இப்படி! வயல் மருந்து வயலுக்கு மட்டுமே. போத்தலில் ஒட்டியிருக்கும் சிட்டையில் எந்தப் பயிருக்கு, எவ்வளவு, கடைசியாக அடித்து எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்று எழுதியிருக்கும். ஊடுருவிப் பாயும் வகை மருந்து காயின் சதைக்குள்ளேயே இருக்கும். உப்புத் தண்ணீரில் கழுவினாலும் மஞ்சளில் ஊறவிட்டாலும் போகாது.

இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது, அதைத்தான் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வெண்டி ஒன்றைவிட்ட ஒரு நாள் பறிக்கும் பயிர். சிட்டையில் 14 நாள் என்று இருந்தால் ஏழு பறிப்பு போச்சு. அந்த ஏழு பறிப்பையும் எறிய மனம் இல்லாமல்தான் சமைக்கிறோம், அயலுக்கும் கொடுக்கிறோம். அப்படியானால் பத்துச் செடிக்கு எதற்கு மருந்து? நாங்கள் அந்த இரண்டு கிழமையும் பயிற்றங்காயைப் பறித்துப் பறித்துக் குழியில் போட்டுத் தாட்டோம். பறிக்காமல் விட்டால் கொடி நின்றுவிடுமே.

வீட்டளவுக்குக் கையே போதும். கத்தரியில் வாடித் தொங்கும் குருத்துக்குள் துளைப்பான் புழு இருக்கும். அதை நுனியோடு கிள்ளி எரியுங்கள். பாகலையும் புடலையும் பிஞ்சிலேயே கடதாசிப் பையால் மூடினால் பழ ஈ முட்டையிடாது. விழுந்த காய்களைப் பொறுக்கி ஆழமாகத் தாட்டுவிடுங்கள். அசுவினிக்கும் சின்னப் புழுவுக்கும் வேப்பம் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, வடித்து, துளி சவர்க்காரம் சேர்த்துப் பின்னேரத்தில் தெளிக்கலாம். மழை தொடங்கியதும் படையெடுக்கும் ஆபிரிக்க நத்தையை இரவில் ரோச் வெளிச்சத்தில் கையுறை போட்டுப் பொறுக்கி, வாளி உப்புத்தண்ணீரில் போடுங்கள். உப்பைப் பாத்தியைச் சுற்றித் தூவினால் நத்தையோடு மண்ணும் கெடும்.

இன்னொன்று, வன்னியில் மறக்கக்கூடாத எச்சரிக்கை. புதிதாக வளவைத் திருத்திக் கொத்தும்போதோ, மழை மண்ணை அரித்த பிறகோ சந்தேகமான இரும்பு ஏதும் தட்டுப்பட்டால் தொடவேண்டாம், தட்டிப் பார்க்க வேண்டாம்; போரில் மிஞ்சிய வெடிபொருளாக இருக்கலாம். அடையாளம் வைத்துவிட்டு விலகி, பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். காலில் புண் இருந்தால் சேற்றுக்குள் வெறுங்காலோடு இறங்குவதும் வேண்டாம், எலிக்காய்ச்சல் காலம்.

2022 ஜூனில் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவே தந்தார்கள். அந்த வருடம் வளவுக்கு வளவு பாத்தி முளைத்தது. விதை கேட்டு அலுவலகம் நிரம்பியது. விதை என்றதும் அந்த அக்காவின் ஞாபகம் வருகிறது. அவர் சொன்னதில் பாதி சரிதான், மாரி முடிவில் விதை எடுக்கத்தான் வேண்டும். கலப்பின விதையில் அது சரிவராது. திருநெல்வேலி ஊதாக் கத்தரி மாதிரியான சாதாரண இனங்களில் சரிவரும். ஆனால் மறந்துபோன காயை விதைக்காய் என்று பெயர் மாற்றக்கூடாது. நோயில்லாத, நன்றாகக் காய்த்த ஒரு வெண்டியை முதலே தெரிவுசெய்து, அதன் நடுப்பகுதியில் இரண்டு காயை மட்டும் விட்டு, மற்றதைப் பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைச் சொன்னபோது அக்கா உள்ளே போய்ப் பழைய சீலைக்கரையில் ஒரு சிவப்புத் துண்டைக் கிழித்துக்கொண்டு வந்தார். ஒரு செடியில் கட்டினோம். மிச்சக் காய்களை வெட்டிக் கடகத்தில் போட்டோம், மாட்டுக்கு.