லிப்எஸ்எஸ்எல்3 எங்க போச்சு? ஆப்ட் ஏன் அடம்பிடிக்குது?

உபுண்டு, டெபியன், மிண்ட்னு எந்த லினக்ஸ் வச்சிருந்தாலும், ஆப்ட்ங்கற கருவிய வச்சு சாஃப்ட்வேர் (பேக்கேஜ்) போடறப்ப என்னிக்காவது ஒரு நாள் இந்த வரிய பாத்திருப்பீங்க: "அனேபிள் டு கரெக்ட் பிராப்ளம்ஸ், யூ ஹேவ் ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்", அதாவது சிக்கல சரி பண்ண முடியல, நிறுத்தி வச்ச உடைஞ்ச பேக்கேஜ் இருக்குன்னு. பாத்தவுடனே சிஸ்டம் காலின்னு பயந்து, நெட்ல முதல்ல கெடைக்கற கமாண்ட அப்படியே காப்பி பேஸ்ட் பண்றவங்கதான் ஜாஸ்தி. அந்த நேரத்துல எதுவுமே இன்னும் உடைஞ்சிருக்காது, உடைச்சிடக்கூடாதேன்னுதான் ஆப்ட் நின்னுட்டிருக்கும். உண்மையான சேதம் பெரும்பாலும் அந்த காப்பி பேஸ்ட்டுக்கு அப்புறம்தான்.

ஏன் நிக்குதுன்னு புரியணும்னா லைப்ரரி, அதாவது பல புரோகிராம் பகிர்ந்துக்கற கோட் பத்தி கொஞ்சம் பாக்கணும். கர்ல், பைத்தான், அப்பாச்சி மாதிரி புரோகிராம் எதுவுமே என்க்ரிப்ஷன் கோட தானா எழுதி வச்சுக்கறதில்ல, அந்த வேலைய ஓப்பன்எஸ்எஸ்எல்ங்கற லைப்ரரிகிட்ட விட்டுடும், எல்லாத்துக்கும் சேத்து டிஸ்க்ல ஒரே ஃபைல்தான் இருக்கும். அந்த ஃபைல் பேரோட கடைசில ஒரு நம்பர் இருக்கும், லிப்எஸ்எஸ்எல் டாட் எஸ்ஓ டாட் 3ன்னு. இந்த நம்பர் மாறாத வரைக்கும் பழைய புரோகிராம் அப்படியே ஓடும்னு லைப்ரரி எழுதறவங்க குடுக்கற வாக்கு அது. வாக்கு மீறுற மாதிரி உள்ள ஏதாவது மாத்தினா நம்பரையும் மாத்தணும், கூடவே டெபியன்ல பேக்கேஜ் பேரும் மாறும். லிப்எஸ்எஸ்எல்1.1 போய் லிப்எஸ்எஸ்எல்3 வந்தது அப்படித்தான்.

லைப்ரரியோட கோட்ல ஒரு வரிகூட மாறாமலே அந்த வாக்கு உடையறதும் உண்டு. 2024ல டெபியன் மாட்டிக்கிட்டது அதுலதான். லினக்ஸ் நேரத்த 1970 ஜனவரி 1லேர்ந்து எத்தன செகண்டுன்னு எண்ணி வைக்குது, 32 பிட் சிஸ்டத்துல அதுக்கு 4 பைட்தான் இடம் இருந்துச்சு, அதுல 2,147,483,647க்கு மேல எண்ண முடியாது. 2038 ஜனவரி 19 அன்னிக்கு, நம்ம நேரப்படி காலைல 8 மணி 44 நிமிஷத்துக்கு அது நெறஞ்சிடும், அடுத்த செகண்ட் மைனஸ்ல விழுந்து தேதி 1901 டிசம்பர்னு காட்டும். அதனால டைம்_டிங்கற அந்த டைப்ப 8 பைட்டா மாத்திடலாம்னு முடிவு பண்ணாங்க. வேலைய முன்ன நின்னு நடத்தினவர் ஸ்டீவ் லாங்காசெக், 2025 பொறந்த அன்னிக்கே காலமாயிட்டார், பாவம்.

மாத்தறதுல என்ன சிக்கல்னா, பழைய புரோகிராம் நேரத்துக்குன்னு மெமரில 4 பைட் ஒதுக்கி வச்சிருக்கும், புது லைப்ரரி வந்து அங்க 8 பைட் எழுதும். மூணு பேர் சீட்ல ஆறு பேர் ஏறி உக்காந்தா ஓரத்துல இருக்கறவர் கீழ விழற மாதிரி பக்கத்துல இருக்கற டேட்டா அழிஞ்சிடும். எர்ரர் வராது, கிராஷ் ஆகும்னும் சொல்ல முடியாது, சத்தமில்லாம தப்பு கணக்கு வரலாம். லைப்ரரி எழுதினவங்க எதையும் மாத்தாததால ஃபைல் நம்பர் அதே 3தான். அதனால டெபியன்காரங்க பேக்கேஜ் பேருக்கு மட்டும் டி64ன்னு ஒரு வால் ஒட்டினாங்க, லிப்எஸ்எஸ்எல்3 இப்ப லிப்எஸ்எஸ்எல்3டி64. ரெண்டுக்குள்ளயும் இருக்கறது ஒரே பேர் ஃபைல்ங்கறதால ரெண்டும் ஒரு மெஷின்ல சேந்து இருக்க முடியாது.

இப்படி ஆயிரத்துக்கும் மேல லைப்ரரி. 2024 பிப்ரவரி கடைசில அன்ஸ்டேபிள்ங்கற டெபியனோட சோதனை கிளைல இறக்க ஆரம்பிச்சாங்க, எல்லா புரோகிராமும் ஒரே ராத்திரில மூல கோட்லேர்ந்து திரும்ப ரீபில்ட் ஆகாதில்லையா, அதனால அன்னிக்கு அப்கிரேட் தட்டினவங்களுக்கு கர்லுக்கு டி64 வேணும், டி64 வந்தா பழசு போகணும், பழசு போனா அத நம்பி இருக்கற இன்னொரு இருபது பேக்கேஜ் போகணும்னு ஆப்ட் சங்கிலி போட்டு, கடைசில டெஸ்க்டாப்பையே தூக்கிடட்டுமான்னு கேட்டுச்சு. நடுவுல மார்ச் 29 அன்னிக்கு எக்ஸ்இசட்ங்கற கம்ப்ரஷன் சாஃப்ட்வேர்ல யாரோ ஒளிச்சு வச்ச பேக்டோர் (திருட்டு வழி) வேற வெளிய வந்து, உபுண்டு 24.04 பீட்டாவே ஒரு வாரம் தள்ளிப் போச்சு. பழைய கேம், சோர்ஸ் இல்லாத சாஃப்ட்வேர் எல்லாம் ரீபில்ட் பண்ணவே முடியாதுங்கறதால ஐ386ங்கற பழைய 32 பிட் பிசி வகைய மட்டும் 4 பைட்லயே விட்டுட்டாங்க, 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13லயும் அப்படித்தான்.

பேக்கேஜ்கள் போடற எல்லா நிபந்தனைக்கும் ஒத்து வர்ற ஒரு செட் இருக்கான்னு கண்டுபிடிக்கறது கம்ப்யூட்டருக்கே கஷ்டமான கணக்கு, என்பி-கம்ப்ளீட் வகைன்னு 2000களின் நடுவுலயே ஈடாஸ்ங்கற ஐரோப்பிய ஆராய்ச்சி காட்டிடுச்சு. ஆப்ட் குறுக்கு வழில தேடும், சில சமயம் கிறுக்குத்தனமான விடையோட வரும். 2021ல லைனஸ் டெக் டிப்ஸ்ங்கற யூடியூப் சேனலோட லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ்ங்கற லினக்ஸ்ல ஸ்டீம்ங்கற கேம் ஆப்ப போடப்போய் டெஸ்க்டாப்பே காணாம போனது அப்படி ஒரு விடைதான், "எஸ், டு ஆஸ் ஐ சே"ன்னு முழுசா டைப் பண்ணச்சொல்லி எச்சரிச்சும் அவர் டைப் பண்ணிட்டார். 'அப்கிரேட்'னா ஆப்ட் இருக்கறத எதையும் நீக்காது, 'ஃபுல்-அப்கிரேட்'னா நீக்கும். மைனஸ் எஸ் போட்டு ஓட்டினா நிஜமா செய்யாம லிஸ்ட் மட்டும் காட்டும், நீக்கப்போற லிஸ்ட்ட படிக்காம ஒய் தட்டாதீங்க.

இப்ப முதல்ல சொன்ன அந்த எர்ரர். கடைசி வரிய விடுங்க, எந்த பேக்கேஜயும் ஹோல்ட் பண்ணி (அப்கிரேட் ஆகாம நிறுத்தி) வைக்காதவங்களுக்கும் அதேதான் வரும். மேல "டிபெண்ட்ஸ்"னு இருக்கற வரி எப்படி முடியுதுன்னு பாருங்க. "நாட் இன்ஸ்டாலபிள்"னு முடிஞ்சா ஆப்ட் பேக்கேஜ் எடுக்கற எந்த ரெப்போலயும் (சர்வர் கிடங்குலயும்) அந்த பேக்கேஜே இல்ல. "நாட் கோயிங் டு பி இன்ஸ்டால்ட்"னு முடிஞ்சா பேக்கேஜ் இருக்கு, வேற எதோடயோ மோதுது, மோதறது யாருன்னு பிடிக்க அந்த பேரயும் சேத்து இன்ஸ்டால் பண்ணச் சொல்லிப் பாருங்க, எர்ரர் ஒரு படி கீழ எறங்கி அடுத்த பேரச் சொல்லும். அப்புறம் 'ஆப்ட் பாலிசி' போட்டு எந்த வெர்ஷன் எங்கேர்ந்து வந்திருக்குன்னு பாத்தா, என்னிக்கோ சேத்து மறந்துபோன ஒரு பிபிஏதான் (டிஸ்ட்ரோவுக்கு வெளில மத்தவங்க நடத்தற ரெப்போ) பல தடவ மாட்டும். அத எடுத்துட்டு அந்த பேக்கேஜ டிஸ்ட்ரோவோட வெர்ஷனுக்கு எறக்கினா மிச்சம் தானா வழிக்கு வரும். அன்ஸ்டேபிள்ல இருக்கறவங்க சும்மா ரெண்டு நாள் காத்திருந்தாலே பாதி பிரச்சன காணாம போயிடும்.

உபுண்டு 22.04ல லிப்எஸ்எஸ்எல்1.1 இல்லாம போனப்ப பழைய ரிலீஸ்லேர்ந்து அதோட டெப் ஃபைல (பேக்கேஜ் ஃபைல) எடுத்து போட்டுக்கிட்டவங்க நெறைய பேர். ஃபைல் பேர்ல நம்பர் வேறங்கறதால 3ஓட மோதாது, ஓடவும் ஓடும், ஆனா ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1க்கு 2023 செப்டம்பர் 11ஓட பொது சப்போர்ட் முடிஞ்சிடுச்சு, கையால போட்ட அந்த டெப்புக்கு செக்யூரிட்டி ஃபிக்ஸ் எதுவும் தானா வந்து சேராது, நெட்ட பாத்து நிக்கற சர்வர்ல அத வைக்காதீங்க.