தீ அணைஞ்சிடுச்சு சார், புகை மட்டும்தான்

தீயணைப்பு நிலையத்தில் போன் எடுத்தால் அடிக்கடி காதில் விழுவது இதுதான். குடியாத்தம் பக்கம் ஒரு வீட்டில் பஞ்சு மெத்தை பற்றிக்கொண்டது. நாலு குடம் தண்ணீர் ஊற்றி, ஜ்வாலை போனதும் மெத்தையை அறையிலேயே விட்டுவிட்டு எல்லோரும் திண்ணைக்கு வந்துவிட்டார்கள். நாங்கள் போய்க் கிழித்துப் பார்த்தால் உள்ளே சிவக்கச் சிவக்கக் கங்கு. பக்கத்து அறையில் பாட்டி, "தலைவலின்னாங்க, மாத்திரை கொடுத்துப் படுக்க வச்சிருக்கோம்" என்றார்கள். முதலில் பாட்டியைத்தான் வெளியே தூக்கி வந்தோம்.

ஜ்வாலை இல்லாத புகைதான் மோசம் என்பது விறகடுப்பு ஊதியவர்களுக்குத் தெரியும். ஈரக் கருவேல விறகு முதலில் வெள்ளையாகப் புகையும், ஊதாங்குழலால் ஊத ஊத ஒரு கட்டத்தில் அந்தப் புகையே பக்கென்று பற்றும், பற்றியதும் கண் எரிச்சல் குறைந்துவிடும். 100 டிகிரியில் ஈரம் போகிறது. 200ஐத் தாண்டினால் கட்டை சிதைந்து வாயுவும் தாரும் கிளம்புகின்றன. 600 டிகிரி சூடும் போதிய காற்றும் இருந்தால் அவை எரிந்துபோகும், இல்லாவிட்டால் அப்படியே நம் மூக்குக்கு வரும். நனைந்த மெத்தை அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை, அதனால் மணிக்கணக்காகப் புகையும். அதோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். பாட்டியின் தலைவலியைக் கேட்டதும் எங்களுக்கு அந்தப் பயம்தான்.

சரி, நன்றாக எரித்தால் போதுமா என்றால், போகியன்று டயர் கொளுத்துகிறவர்களைக் கேளுங்கள். ஜ்வாலை ஆளுயரம் இருக்கும், ஆனால் அவ்வளவு வாயுவுக்குக் காற்று பற்றாமல் கரும்புகையாகக் கக்கும். ஒயர் இன்னும் மோசம், பற்றுவதற்கு முன்பே, சூடானதுமே அமிலப் புகை விடும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் துண்டுகளைக் குவித்துக் கொளுத்துவதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும், சயனைடு வாயு வரும் சரக்கு அது. ஆஸ்பத்திரிக் கழிவை எரிக்கும் உலையின் இரண்டாம் அறையில் 1050 டிகிரி வேண்டும் என்பது சட்டம். தெருவோரக் குவியல் எங்கே அதை எட்டும்?

சூடான புகை கூரைக்கு ஏறும், அதனால்தான் தவழ்ந்து வெளியேறச் சொல்கிறோம். கங்கிலிருந்து வரும் ஆறிய புகை கட்டில் உயரத்திலேயே பரவும். மார்கழிக் காலையில் வேலூரிலும் இதே கதைதான், மலைகளுக்கு நடுவே குளிர்ந்த காற்று தரையோடு கிடக்க, குப்பைப் புகை மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே நிற்கும்.

மெத்தை புகைந்தால் முதலில் ஆட்களை வெளியேற்றி 101க்குப் போன் செய்யுங்கள். மூடிய அறைக் கதவு சுட்டால் திறக்கவே வேண்டாம், உள்ளே தேங்கிய வாயு பக்கென்று பற்றக் காற்றுக்குத்தான் காத்திருக்கும்.

அந்த மெத்தையைத் தெருவுக்கு இழுத்து, கிழித்து, வாளி வாளியாக நனைத்துவிட்டுத்தான் கிளம்பினோம். ராத்திரி ஒன்பது மணிக்கு மறுபடி போன், ஒரு மூலையில் லேசாகப் புகைகிறதாம்.