வண்டியில் இருந்து இறக்கிய பழைய பச்சைக் கூலன்ட்டை எங்கே ஊற்றுவது?

தேனி மாவட்டத்து லோயர் கேம்ப்பைத் தாண்டி, கேரள எல்லையில் இருக்கும் குமுளிக்கு மலைச்சாலை ஏறத் தொடங்கியதும் டிரைவரின் கண் அடிக்கடி டெம்பரேச்சர் முள்ளுக்குப் போய்விடும். கம்பம், கூடலூர் பக்கத்தில் இருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் காலையில் வரிசையாக இந்த மலையைத்தான் ஏறுகின்றன. பாதித் தூரம் இரண்டாம் கியர். இன்ஜின் முழு மூச்சாக உழைக்கும், வண்டியோ மெதுவாகத்தான் நகரும், ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து வரும் காற்றும் குறைவு. அந்தச் சூட்டை இன்ஜினில் இருந்து வாங்கி ரேடியேட்டரில் கொண்டுபோய் விடுவது கூலன்ட்டின் வேலை.

சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீரே கெட்டிக்காரத் திரவம். ஆனால் கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், 900 மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கும் குமுளியில் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். பெரும்பாலான இன்ஜின்களில், கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறப்பதே 82 முதல் 90 டிகிரியில்தான். ஆக, நல்ல நாளிலேயே கொதிநிலைக்கு மிகப் பக்கத்தில்தான் இன்ஜின் ஓடுகிறது. தண்ணீரோடு, கூலன்ட் கேனில் இருக்கும் முக்கியத் திரவமான எத்திலீன் கிளைக்காலைச் சரிபாதி கலந்தால் கொதிநிலை 107 டிகிரியை ஒட்டி உயரும். அதற்கு மேல் ரேடியேட்டர் மூடி ஒரு வேலை செய்கிறது: அதன் ஸ்பிரிங் உள்ளே ஏறத்தாழ ஒரு பார், அதாவது கடல் மட்டக் காற்றழுத்தம் அளவுக்கு, கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. பிரஷர் குக்கரில் நடப்பதே இங்கும் நடக்கிறது. அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். கலவை 125 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் தாங்கும். இதே கலவை குளிரில் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்பதையும் கேனில் போட்டிருப்பார்கள். அது நம் பக்கத்துக்குத் தேவைப்படாத கணக்கு.

கேனில் கிளைக்காலோடு இன்னொரு சங்கதியும் கொஞ்சமாக இருக்கிறது: துரு தடுப்பான்கள். இன்ஜினுக்குள் வார்ப்பிரும்பு, அலுமினியம், எஃகு, பழைய ஜீப்பாக இருந்தால் பித்தளை ரேடியேட்டரும் அதன் ஈயப் பற்றும் என்று பல உலோகங்கள் ஒரே திரவத்தில் நனைந்து கிடக்கின்றன. தடுப்பான் இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று அரிக்கும். ஆண்டுக்கணக்கில் சூட்டில் சுற்றும்போது தடுப்பான்கள் தீர்ந்துபோகும். கிளைக்காலும் காற்றுப் பட்டு மெல்ல மெல்லக் கிளைக்காலிக் அமிலம், ஃபார்மிக் அமிலம் என்று மாறும். காரத்தன்மையோடு இருந்த கூலன்ட் அமிலமாகும், உலோகம் கரையத் தொடங்கும், பச்சை நிறம் செம்மண் கலங்கலாகும். பழைய பாணிக் கூலன்ட்டுக்குப் பொதுவாக 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர். கரிம அமிலத் தடுப்பான் சேர்த்த புதிய வகைக்கு 5 ஆண்டு வரை. எந்த வகை என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. பச்சை, சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் வெறும் சாயம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள்.

மலையில் முள் ஏறியதும் வண்டியை ஓரங்கட்டி, பாறையில் வழியும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஊற்றுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. ஆபத்துக்குப் பாவமில்லை, இன்ஜின் சீஸ் ஆவதைவிட அது மேல். ஆனால் இறங்கி வந்ததும் சரிசெய்யாமல் அப்படியே ஓட்டினால் தடுப்பான் நீர்த்துப்போகும். போர் தண்ணீராக இருந்தால் சுண்ணாம்பும் உப்பும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படியும். அப்புறம் அடுத்த மலைக்கு முள் இன்னும் சீக்கிரம் ஏறும்.

சரி, கூலன்ட்டை மாற்ற முடிவு செய்தாயிற்று. வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும். ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவது உத்தமம். சூடாக இருக்கும்போது மூடியைத் திருகினால் உள்ளே இருந்த அழுத்தம் ஒரு நொடியில் இறங்கும். 115 டிகிரியிலும் திரவமாக இருந்தது, வெளிக்காற்றின் அழுத்தத்தில் அப்படி இருக்க முடியாது. ஒரு பகுதி சட்டென்று ஆவியாக மாறும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். அந்த வேகத்தில் மீதித் திரவம் முகத்துக்கு நேராகப் பீய்ச்சி அடிக்கும். துணியைச் சுற்றிக்கொண்டு திறப்பது கையைக் கொஞ்சம் காப்பாற்றலாம், முகத்தைக் காப்பாற்றாது.

ஆறிய வண்டியில் முதலில் மேல் மூடியைக் கழற்றுங்கள். காற்று உள்ளே போனால்தான் கீழே சீராக இறங்கும். ரேடியேட்டரின் அடியில், பெரும்பாலும் ஒரு மூலையில், பிளாஸ்டிக் திருகு இருக்கும். அது இல்லாத வண்டிகளில் கீழ் ஹோஸின் கிளாம்ப்பைத் தளர்த்த வேண்டும். ஹோஸைக் கழற்றினால் திரவம் நேர்கீழாக விழாது, குபுக்கென்று ஒரு முழம் முன்னால் தள்ளி விழும். அதனால் வெட்டின ஆயில் கேனை வைக்காதீர்கள், அகலமான பேசின் வையுங்கள். சின்ன காரில் 4, 5 லிட்டர் இருக்கும் என்பதை நினைவில் கொண்டு பேசினின் அளவைத் தேர்ந்தெடுங்கள். பிறகு டிஸ்டில்ட் வாட்டர் விட்டு அலசுவோம் இல்லையா, அந்த முதல் அலசல் நீரிலும் கிளைக்கால் இருக்கிறது. அதையும் பழைய கூலன்ட்டாகவே நினைத்துப் பிடிக்க வேண்டும்.

பேசின் நிறைந்ததும் டீ குடிக்கப் போய்விடுவதுதான் நம் பட்டறைகளில் வழக்கம். நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்பது, அந்தக் கால் மணி நேரத்தைத் தவிர்க்கச் சொல்லித்தான். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். சாலையோரப் பட்டறையைச் சுற்றித் திரியும் நாய், ஆடு, பூனை எதற்கும் அது விஷம் என்று நாக்கு சொல்லாது. 3 கிலோ எடையுள்ள பூனையைக் கொல்லச் சுத்தக் கிளைக்கால் 4 மில்லி போதும், அதாவது பேசினில் இருக்கும் கலவையில் சுமார் 8 மில்லி. பாதத்தில் பட்டதை நக்கிச் சுத்தம் செய்தாலே அதில் பெரும்பங்கு உள்ளே போய்விடும். 10 கிலோ நாய்க்குக் கலவையில் 90 மில்லி அளவில் உயிருக்கு ஆபத்து. மனிதருக்குச் சுத்தக் கிளைக்கால் 100 மில்லி அளவு உயிரைப் பறிக்கலாம்; குழந்தைக்கு இதைவிட எவ்வளவோ குறைவு.

உள்ளே போன கிளைக்கால் தன்னளவில் பெரிய கேடு செய்வதில்லை; போதை போலத் தள்ளாட வைக்கும், அவ்வளவுதான். கேட்டைச் செய்வது நம் கல்லீரல். சாராயத்தைச் செரிக்கும் அதே நொதி இதையும் பிடித்துப் படிப்படியாகக் கிளைக்காலிக் அமிலமாகவும், கடைசியில் ஆக்ஸாலிக் அமிலமாகவும் மாற்றுகிறது. முதலாவது ரத்தத்தை அமிலமாக்கும். இரண்டாவது, ரத்தத்தில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து ஊசி ஊசியான படிகங்களாகச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய் அடைக்கும். நாய்கள் விஷயத்தில் நம்மை ஏமாற்றும் ஒரு இடைவேளை உண்டு. முதலில் தள்ளாடும், வாந்தி எடுக்கும். அரை நாள் கழித்துத் தெளிந்தது போல நடமாடும். ஒன்றரை நாளில் இருந்து மூன்று நாளுக்குள் சிறுநீரகம் நின்றுபோகும். தெளிந்துவிட்டது என்று விட்டுவிடக் கூடாது; காப்பாற்றக்கூடிய நேரம் அதற்கு முந்தைய முதல் சில மணி நேரம்தான்.

மருத்துவர்கள் அந்த நொதியைத் தடுத்துத்தான் சிகிச்சை செய்கிறார்கள். அதற்கு ஃபோமெபிசோல் என்ற மருந்து உண்டு. அது கிடைக்காத இடத்தில், அளவு பார்த்து எத்தனால், அதாவது சாராயத்தில் உள்ள அதே ஆல்கஹால், கொடுப்பார்கள். நொதி எத்தனாலைப் பிடித்துக்கொண்டு கிளைக்காலை விட்டுவிடும், அது சிறுநீரில் வெளியேறும். இதை வீட்டில் யாரும் முயற்சி செய்யக் கூடாது. குழந்தை வாயில் வைத்துவிட்டது என்ற சந்தேகம் வந்தாலே 108க்குப் போன் போட்டுவிட்டு, கூலன்ட் கேனையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். அமெரிக்காவில் 2012இல் இருந்து கடைக்கு வரும் கூலன்ட்டில் தயாரிப்பாளர்கள் கசப்புப் பொருள் சேர்க்கிறார்கள். நம் கடையில் வாங்குகிற கேனிலும் அது இருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

‘மண்ணில் ஊற்றினால் தானாகப் போய்விடும்’ என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. கிளைக்கால் பிளாஸ்டிக் போல நூற்றாண்டுக் கணக்கில் கிடப்பதில்லை. பாக்டீரியாக்கள் சில நாட்களில் இருந்து சில வாரங்களுக்குள் தின்று தீர்த்துவிடும். சிக்கல் அந்தத் தீனியிலேயே இருக்கிறது. ஒரு கிராம் கிளைக்காலை முழுதாகச் சிதைக்க 1.29 கிராம் ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் கிளைக்காலின் எடை 1.11 கிலோ, ஆக 1.4 கிலோவுக்கு மேல் ஆக்சிஜன். 25 டிகிரியில் ஓடும் நல்ல தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். கணக்குப் போட்டால், ஒரு சின்ன காரில் இருந்து இறக்கிய 4 லிட்டர் கலவை, அதாவது 2 லிட்டர் கிளைக்கால், சுமார் 3.5 லட்சம் லிட்டர் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். ஓடுகிற ஆற்றில் காற்றில் இருந்து ஆக்சிஜன் மறுபடி கரையும். தேங்கின ஓடையிலும் குளத்திலும் அதற்கு முன்பே மீன் செத்து மிதக்கும். கிளைக்கால் தீர்ந்த பிறகும், இன்ஜினில் இருந்து அது கரைத்து வந்த ஈயமும் செம்பும் சிதைய வழியில்லாமல் மண்ணில் தங்கிவிடும்.

இந்த எல்லையில் அந்தத் தண்ணீர் யாருடையது என்று பிரிக்கவும் முடியாது. குமுளி ஊருக்குள் ஓடும் ஓடை தேக்கடி ஏரிப் பக்கம் போகிறது. 1895இல் கட்டிமுடித்த முல்லைப் பெரியாறு அணை தேக்கிய அந்த ஏரியின் நீர்தான் சுரங்கம் வழியாக மலையைக் கடந்து, ராட்சதக் குழாய்களில் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம் வயல்களுக்கும் வைகை அணைக்கும் வருகிறது. லோயர் கேம்ப்பிலேயே குடிநீருக்கும் எடுக்கிறார்கள். மலைக்கு மேலே சாக்கடையில் ஊற்றினாலும் கீழே ஊற்றினாலும் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். செப்டிக் டேங்கும் தீர்வில்லை. அதன் கசிவு மண்ணுக்குத்தான் போகிறது, பக்கத்தில் கிணறு இருந்தால் கிணற்றுக்கு.

அப்படியானால் எங்கே கொடுப்பது? இதில் நம் ஏற்பாடு போதாது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியிலும் கேரளத்தில் கொச்சி அருகே அம்பலமேட்டிலும் தொழிற்சாலைக் கழிவைக் கையாளும் நிலையங்கள் இருக்கின்றன. ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு தனி ஆள் போய் நிற்கிற இடங்கள் அல்ல அவை. நடைமுறையில் முடிகிற வழி, கழிவை அங்கீகாரம் பெற்றவர்களிடம் கணக்கு வைத்து ஒப்படைக்கும் பெரிய சர்வீஸ் சென்டர்களைக் கேட்பது. முடிந்தால் மாற்றும் வேலையையே அங்கே கொடுத்துவிடுங்கள், பழையது எங்கே போகிறது என்று வாய்விட்டுக் கேளுங்கள். சின்னப் பட்டறைக்காரர்களுக்கு என் யோசனை, ஊருக்கு ஒரு பொது டிரம். 200 லிட்டர் டிரம்மில் 40 கார்களின் கூலன்ட் அடங்கும். அந்த அளவு சேர்ந்தால் எடுக்க வருபவரோடு பேச ஒரு பிடி கிடைக்கும். வடித்துப் பிரித்தால் கிளைக்காலை மறுபடி கூலன்ட்டாகவே ஆக்க முடியும்.

பழைய இன்ஜின் ஆயில் டிரம்மில் மட்டும் இதை ஊற்றிவிடாதீர்கள். ஆயிலைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தலாம். கிளைக்கால் கலந்தால் அந்த டிரம் முழுவதும் வீண். தரையில் சிந்தினால் ஹோஸ் வைத்து அடித்துவிடாமல் மரத்தூளோ மணலோ போட்டு ஊறவைத்து, அள்ளிப் பையில் கட்டுங்கள்.

வீட்டில் மாற்றுபவர்கள் புதுக் கூலன்ட் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி, திருகு மூடியை இறுக்கி, மேலே ‘பழைய கூலன்ட், விஷம்’ என்று மார்க்கரில் எழுதித் தேதி போடுங்கள். குடிதண்ணீர் பாட்டிலும் ஜூஸ் பாட்டிலும் வேண்டவே வேண்டாம். கிளைக்கால் லேசில் ஆவியாகாது, தீப்பற்றும் பெட்ரோலும் இல்லை. குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் மூடிய கேன் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். அடுத்து தேனிக்கோ கோட்டயத்துக்கோ சர்வீஸுக்குப் போகும்போது டிக்கியில் போட்டுக்கொண்டு போகலாம்.